குடிமக்களாகிய நாம்

மகள் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். பள்ளியில் தாய்மொழி வாரம் வருகிறது. காலைக் கூட்டத்தில் தேசிய உறுதிமொழியைத் தமிழில் சொல்ல நாலு பிள்ளைகளைப் பொறுக்கியிருக்கிறார்கள், அதில் இவளும் ஒருத்தி. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று, வலது கையை மூடி இடப்பக்க நெஞ்சில் வைத்துக்கொண்டு, தோசை ஆறிப்போவதைச் சட்டை செய்யாமல் ஒப்பித்துப் பார்த்தாள்.

"சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம், இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு..."

அங்கேயே நின்றுவிட்டாள். அடுத்த வரி வரவில்லையாக்கும் என்று எடுத்துக்கொடுக்கப் போனேன்.

"அப்பா, மறந்துன்னா ஃபர்கெட் தானே?"

"ஆமா."

"மொழியை மறக்கணும்னா அப்புறம் எதுக்கு என்னைத் தமிழ் டியூஷனுக்கு அனுப்புறீங்க?"

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. டியூஷன் யோசனை என்னுடையது, சனிக்கிழமை காலையில் அவளை இழுத்துக்கொண்டு போகும் வேலை மனைவியுடையது. அதனால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பழைய கணக்கும் இருந்தது.

"மொழியை இல்லடா, வேற்றுமையை மறக்கணும்" என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. "இங்கிலீஷ்ல ஃபர்கெட்னு இல்லையே. ரிகார்ட்லெஸ்னுதானே இருக்கு?"

நான் அந்த உறுதிமொழியை ஆங்கிலத்தில்தான் எடுத்தேன். 2014இல், எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில், வரிசை வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு முன்னால் எழுந்து நின்று. அதற்குச் சில வாரம் முன்பு இந்தியக் கடப்பிதழை ரத்து செய்து முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. உறுதிமொழி எடுத்தபோது ஒன்றும் செய்யவில்லை. வாய் பாட்டுக்குச் சொன்னது, இளஞ்சிவப்பு அடையாள அட்டை கைக்கு வந்தது, பின்னால் வைத்திருந்த பீஹூனைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தமிழில் அதில் 'மறந்து' என்று இருப்பது, ஒன்பது வயதுப் பிள்ளை முட்டி நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று ராத்திரி அவள் தூங்கியபின் பழைய கதையை எடுத்துப் படித்தேன். பாதி தெரிந்த கதைதான்.

1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் கலவரம் வெடித்தது. செப்டம்பரில் மறுபடியும். இரண்டிலும் சேர்த்து 36 பேர் செத்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. 1966இல் பள்ளிக்கூடங்களில் கொடியேற்றும்போது பிள்ளைகள் சொல்ல ஓர் உறுதிமொழி வேண்டும் என்று அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் நினைத்தார். அதிகாரிகள் எழுதிய வரைவுகளை வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினத்துக்கு அனுப்பினார். அவர் பத்திரிகைக்காரர், சிறுகதை எழுதியவர். வந்த வரைவைத் திருத்துவதற்குப் பதிலாகத் தானே புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். எழுதுகிறவர்கள் கையில் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும்.

அவருடைய ஆங்கில வரைவில், இன, மொழி, மத வேறுபாடுகளை மறக்க உறுதி கொள்கிறோம் என்றே இருந்தது. 'ஃபர்கெட்.' என் மகள் முட்டி நின்ற அதே சொல். பிறகு பிரதமர் லீ குவான் இயூ அதைச் செப்பனிட்டார், அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. இறுதி வடிவத்தில் 'ஃபர்கெட்' போய் 'ரிகார்ட்லெஸ்', அதாவது பொருட்படுத்தாமல், வந்திருந்தது. 1966 ஆகஸ்ட் 24 அன்று 529 பள்ளிகளில் ஏறக்குறைய 5 லட்சம் பிள்ளைகள் அதை முதல்முறையாகச் சொன்னார்கள்.

ஆங்கிலத்தில் வெட்டப்பட்ட சொல் தமிழில் உட்கார்ந்திருக்கிறது. இத்தனைக்கும் எழுதியவர் தமிழர்.

ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்தவர். வளர்ந்தது மலாயாவின் சிரம்பானில். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய், படிப்பை முடிக்காமல், ஹங்கேரிப் பெண் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். சிங்கப்பூரர் ஆவது வம்சாவளியால் அல்ல, மனம் ஒப்பித் தேர்ந்துகொள்வதால் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததும், அதற்குப் பிறகு நடந்தவையும் அவருக்குச் செய்தித்தாள் சங்கதி மட்டுமாக இருந்திருக்காது. உறுதிமொழி எழுதிப் பத்தே வருஷத்தில், 1976 மே 14 அன்று, தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாடு கேட்டு நிறைவேற்றிய தீர்மானத்துக்கு அவர் பிறந்த ஊரின் பெயர்தான். ஒருவர் பிறந்த மண்ணில், அவர் இங்கே எழுதியதற்கு நேர் எதிரான ஒன்றை எழுதவேண்டிய நிலைக்கு ஆட்கள் தள்ளப்பட்டார்கள். ஒரே சட்டத்தின் ஒரு வார்த்தை, 'மட்டும்', எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

1990களில் ராஜரத்தினத்துக்கு மறதி நோய் வந்தது. 2006 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்குப் பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கு மேல் எழுதினால் சினிமா வசனம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

'மறந்து' பிழை என்று நான் சொல்ல வரவில்லை. மேடைத் தமிழில் அது பழகிய தடம்தான், 'வேற்றுமை மறந்து ஒன்றுபடுவோம்' என்று எத்தனை கூட்டத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் வீட்டுத் தமிழில் இதற்கு வேறொரு சொல் கிடக்கிறது. 'அவர் சாதி மதம் பாக்குற ஆள் இல்லை' என்போம். பார்ப்பது. பெண் பார்ப்பது, சகுனம் பார்ப்பது மாதிரி, சாதி பார்ப்பது. மறப்பதென்றால் எனக்குள் இருப்பது போகவேண்டும். பாராமல் இருப்பதென்றால் எதிரில் இருப்பவனை எடைபோடும் என் கண் மாறினால் போதும். 'இனம், மொழி, மதம் பாராமல்' என்று இருந்திருந்தால் மகள் முட்டியிருக்க மாட்டாள், டியூஷனும் பிழைத்திருக்கும்.

மற்ற மொழிகளில் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றியது. சீனத்தில் 'பு ஃபென்', பிரிக்காமல். அலுவலகத்தில் ஒரு சீன நண்பரிடம் கேட்டேன். "அதுல என்ன இருக்கு, சாதாரணமா சொல்றதுதான்" என்று தோளைக் குலுக்கினார். மலாயில் 'தீடாக் கிரா'. கிரா என்றால் எண்ணுவது, கணக்குப் பார்ப்பது. கோப்பிக் கடையில் சாப்பிட்டு முடித்ததும் கையைக் காட்டி 'கிரா' என்றால் கணக்குச் சொல்வார்கள். ஆக, ஒருவர் பொருட்டாகக் கொள்ளவில்லை, ஒருவர் பிரிக்கவில்லை, ஒருவர் கணக்கில் எடுக்கவில்லை, தமிழர் மட்டும் மறந்துவிடுகிறோம்.

எண்ணாமல் என்று வாய் சொன்னாலும் இந்த நாடு எண்ணத்தான் செய்கிறது. 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இன விகிதம் உண்டு. ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்தாருக்கும் இத்தனை வீடு என்று வரம்பு. சீனர் வரம்பு நிரம்பிவிட்டால் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. விற்கும்போது அது கையைக் கடிக்கும். எனக்கும் கடித்திருக்கிறது, புலம்பியிருக்கிறேன். ஆனால் எண்ணாமல் விட்டிருந்தால் என்னை மாதிரி ஆட்கள் எல்லாரும் லிட்டில் இந்தியா என்கிற தேக்காவைச் சுற்றியே குவிந்திருப்போம். பக்கத்து வீட்டில் மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, இருந்திருக்க மாட்டார்.

மக்சிக்குக்கு எழுபது வயசு இருக்கும். தாழ்வாரத்தில் தொட்டிகளில் மிளகாயும் பாண்டான் இலையும் கருவேப்பிலையும் வளர்க்கிறார். வீட்டில் சாம்பார் கொதித்தால் கருவேப்பிலைக்கு நாங்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம், நோன்புப் பெருநாளுக்கு அவர் டப்பா நிறைய லொந்தோங் கொண்டுவந்து எங்கள் கதவைத் தட்டுவார். மலாய் உறுதிமொழியைப் படித்தபோது அதன் முதல் சொல்லே என்னை நிறுத்தியது. காமி.

மலாய் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். தமிழைப் போலவே மலாய்க்கும் இரண்டு 'நாம்' உண்டு. கித்தா என்றால் நாம், கேட்கிற உன்னையும் சேர்த்து. காமி என்றால் நாங்கள், நீ இல்லாமல். (மலேசியத் தோட்டத் தமிழில் கித்தா என்றால் ரப்பர். அது வேறு கித்தா.) ஆங்கிலத்துக்கு இந்த வசதி கிடையாது, ஒரே 'வீ'யை வைத்துக்கொண்டு எல்லாக் காலத்தையும் ஓட்டுகிறார்கள். தமிழ் உறுதிமொழி 'நாம்' என்கிறது. மலாய் 'நாங்கள்' என்கிறது. ஒரே நாடு, ஒரே வாக்கு.

மக்சிக்கிடம் கேட்டேன். தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"பாட்டுல கித்தா வரும். மாரி கித்தா, வாங்க நாமெல்லாம். அது ஆளைக் கூப்பிடுறது." தேசிய கீதத்தைச் சொல்கிறார். "உறுதிமொழி அப்படி இல்லை. அது யார்கிட்டயோ சத்தியம் பண்றது. சத்தியம் பண்றப்ப காமிதான் சொல்லணும்."

"யார்கிட்ட சத்தியம்?"

மேலே கையைக் காட்டினார். பிறகு எதிர் புளோக்கில் ஒரு ஜன்னலுக்கு வெளியே தொங்கிய கொடியைக் காட்டினார். பிறகு, எதுவும் சரியாக வரவில்லை என்பது போல, என் மகளைக் காட்டினார். "நாளைக்கு வர்ற பிள்ளைங்ககிட்ட. அவங்க இன்னும் உள்ள வரலை இல்லையா?"

இலக்கணம் எனக்கு யாரும் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை.

2009 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் ஒரு நியமன உறுப்பினர் இந்த உறுதிமொழியை முன்வைத்து, சொன்னபடி நடக்க மறுபடி உறுதி கொள்ளவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். லீ குவான் இயூவுக்கு அப்போது 85 வயது. எழுந்து நின்று, அது எட்டவேண்டிய விருப்பம், இன்றைய உண்மை அல்ல என்றார். மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைக் குறிப்பிடும் அரசமைப்பின் 152ஆம் பிரிவை எடுத்துக்காட்டினார். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த எரிச்சல் பாதிதான் மிச்சம். விருப்பம் என்று ஒப்புக்கொள்கிறவரிடம் சண்டை போடலாம். எல்லாம் நடந்துவிட்டது என்கிறவரிடம் என்ன பேசுவது?

நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால், வீடு தேடி அலைந்த எல்லா இந்தியரிடமும் ஒரு கதை இருக்கும். என்னிடமும் உண்டு. 2006இல் வாடகைக்கு அறை தேடியபோது, தொலைபேசியில் முகவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். பெயரைக் கேட்டார். சொன்னேன். "இண்டியன் ஆ? சாரி ஆ, ஓனர் நோ இண்டியன். குக்கிங்." அந்த 'சாரி'யில் உண்மையாகவே கொஞ்சம் வருத்தம் இருந்தது, அதுதான் கொடுமை. அறை விளம்பரங்களிலேயே அச்சடித்துப் போட்ட காலம் அது. இரண்டு நாள் கொதித்தேன்.

கொதித்த நாட்களில் என் வாயில் வந்த சொல் 'சீனன்'. 'அந்தச் சீனனுங்க புத்தியே இப்படித்தான்.' அலுவலகத் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் அது வசவே இல்லை, சாதாரணப் பேச்சு. சீனன், மலாய்க்காரன், பங்களாதேஷ்காரருக்குப் பங்களாக்காரன். இங்குள்ள நாளிதழ் தமிழ் முரசை எடுத்துப் பாருங்கள், சீனர், மலாய்க்காரர் என்றுதான் எழுதுவார்கள். ஒரே ஒரு 'ர்'. அது இல்லாமல் போனால் ஆள் சின்னதாகிவிடுகிறான். சீனர்கள் தங்கள் வீட்டுக்குள் நம்மை என்ன சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரியும், அந்தச் சொல் நமக்குச் சுடும். நம் 'ன்' அவர்களுக்குப் புரியாது என்பதால் நமக்குச் சுடுவதே இல்லை.

இந்த 'ன்' சிங்கப்பூருக்கு வந்து பழகியதில்லை. எனக்குச் சொந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். எங்கள் வயலில் வேலை செய்த ஒருவருக்கு என் தாத்தா வயசு. எனக்கு எட்டு வயசு. அவரைப் பெயர் சொல்லி, 'டா' போட்டு, மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்வேன். "சரிங்க தம்பி" என்பார். யாரும் என்னை அதட்டவில்லை, எனக்கும் அதில் கூச்சம் இருந்ததாக ஞாபகம் இல்லை. வாடகைக்கு அறை கிடைக்காத கொதிப்பில் இருந்த அந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூட எனக்கு அவர் நினைவுக்கு வரவில்லை. மறந்து. அந்தச் சொல் இப்படியும் வேலை செய்யும்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் மின்தூக்கிச் சம்பவம்.

எங்கள் புளோக்குக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. காலையில் நானும் மகளும் பதினோராம் மாடியிலிருந்து இறங்கும்போது பத்தாம் மாடியில் இரண்டு பேர் ஏறினார்கள். காலணி முழுக்க வெள்ளைப் பொட்டு, இடுப்பில் பாதுகாப்பு வார், கையில் வாளி. எங்கள் மேல் பட்டுவிடக் கூடாதென்று சுவரோடு ஒட்டி நின்றார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் பேசுவதாக நினைத்து, நல்ல கணீர்த் தமிழில் கேட்டாள்.

"அப்பா, இந்தப் பங்களா அங்கிள்ஸ்தான் நம்ம புளோக்குக்குப் பெயின்ட் அடிக்கிறாங்களா?"

அவளை எங்கே குற்றம் சொல்வது? கட்டட வேலை செய்கிற எல்லாருக்கும் எங்கள் வீட்டில் அந்த ஒரு பெயர்தான். 'வெளிநாட்டு ஊழியர்' பத்திரிகையில் இருக்கிறது. வீட்டுக்குள் வந்து சேரவில்லை.

இரண்டு பேரில் இளையவர் சிரித்தார். "பாப்பா, நாங்க பட்டுக்கோட்டை."

நாங்க. இலக்கணப்படி சரிதான். அவர் அவருடைய கூட்டாளியைச் சேர்த்துச் சொல்கிறார், எங்களை விட்டுவிட்டு. பட்டுக்கோட்டையிலிருந்து ஒரத்தநாடு 25 கிலோமீட்டர் இருக்கும். அதை ஒரு வாக்கியமாகச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. மின்தூக்கி எட்டு, ஏழு, ஆறு என்று இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் தலைக்கு மேல் எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் மாடியில் "வர்றோம் சார்" என்று இறங்கிப் போனார்கள்.

'சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்' என்பதில் அந்த 'நாம்' எவ்வளவு தாராளமான சொல் என்று மக்சிக்கிடம் பேசிவிட்டு வந்து பெருமைப்பட்டிருந்தேன். அதற்கு முன்னால் 'குடிமக்களாகிய' என்று ஒரு கதவு இருக்கிறது. என் புளோக்கின் சுவரைப் பூசுகிறவர் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார். அவர் காதில் அந்த 'நாம்' 'நாங்கள்' என்றுதான் விழும். எனக்கும் 2014 வரை அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். அதுவும் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

மகளிடம் அன்று சாயங்காலம் சொன்னேன், பங்களாதேஷிலிருந்து வந்தவர்களையும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று. "அப்போ என்னன்னு கூப்பிடணும்?" என்றாள். "அண்ணன்னு கூப்பிடு." "பங்களாதேஷ்காரங்களையுமா?" "அவங்களையும்." "அவங்களுக்குப் புரியுமா?" புரியாமல் என்ன, நம் சாப்பாட்டுக் கடைகளில் சீனர்களே 'அன்னே' என்றுதான் கூப்பிட்டு டீ சொல்கிறார்கள்.

மறுநாள் ஆறரை மணிவாக்கில் இரண்டு பேரும் கீழ்த்தளத்தில் கல் மேசையில் உட்கார்ந்து பொட்டலச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை நான் எண்களைப் பார்க்க மேலே எதுவும் இல்லை.

"பட்டுக்கோட்டையில எங்க?"

இளையவர் சோற்றுக் கையோடு எழுந்திருக்கப் போனார். உட்காரச் சொன்னேன். "பேராவூரணி ரோட்டுல சார்."

"நான் ஒரத்தநாடு."

"அட! நம்மூரா சார் நீங்க!"

மூத்தவர் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். கஜா புயலில் விழுந்த தென்னையைப் பற்றிப் பேசினோம், 2018க்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விட்டிருக்கின்றனவாம். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "அண்ணே, உங்களுக்குப் பயமா இருக்காதா அவ்ளோ உயரத்துல?" என்றாள். "கீழ பாக்காட்டி ஒண்ணும் இல்ல பாப்பா" என்றார் அவர். 'சார்' மட்டும் கடைசிவரை போகவில்லை. நானும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்கு லாரி வந்தது. பொட்டலத் தாளைச் சுருட்டித் தொட்டியில் போட்டுவிட்டு, வாளியையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் பின்னால் ஏறி மற்றவர்களோடு நெருக்கி உட்கார்ந்தார்கள். மகள் கையாட்டினாள். லாரி திரும்புகிற வரைக்கும் அவரும் ஆட்டிக்கொண்டிருந்தார்.